மடைநூல் அலமாரி

வீட்டில் சமையல் புத்தகம் சேர்வது தேவையில் தொடங்கி ஆசையில் நிலைக்கிறது. முதல் புத்தகம் புதுக்குடித்தனத்துக்காக வாங்கப்படுகிறது. இரண்டாவது, முதல் புத்தகத்தில் இல்லாத பலகாரத்துக்காக. மூன்றாவதிலிருந்து கணக்கு வேறு. ஒரே ரசத்தைப் பத்துப் பேர் எப்படியெல்லாம் வைக்கச் சொல்கிறார்கள் என்று பார்க்கும் ருசி வந்துவிட்டால், அதற்குப் பிறகு வாங்கும் புத்தகங்களில் பாதியை அடுப்புப் பக்கம் போகாமலே படிக்கலாம். சேகரிப்பு என்று சொல்லத்தக்கது அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி, சூலூர் வட்டத்தில் இருக்கிறது சோமனூர். கூலிக்குக் காடாத் துணி நெய்யும் விசைத்தறிகளின் ஊர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம், தறிச் சத்தத்துக்கு நடுவே சமையல், ஷிஃப்டு நேரத்தை ஒட்டிச் சாப்பாடு என்று வாழ்க்கை ஓடும் இடம். புத்தகச் சேகரிப்புக்குப் பேர்போன ஊர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு கொங்கு ஊரில் சமையல் நூல் சேர்ப்பவரின் நிலை சென்னையிலோ தஞ்சாவூரிலோ சேர்ப்பவரின் நிலையைப் போன்றதில்லை. அச்சில் வந்த தமிழ்ச் சமையல் நூல்களில் அவர் வீட்டுச் சாப்பாடு வெகுகாலம் இடம்பெறவே இல்லை. அதனால் அவருடைய அலமாரி இரண்டு வேலை செய்கிறது. அடுத்தவர் அடுக்களையை அறிந்துகொள்வது ஒன்று. தன் அடுக்களையைத் துண்டு துண்டாகத் திரட்டுவது இன்னொன்று. முதல் வேலையில் மகிழ்ச்சி உண்டு. இரண்டாவதில் அது பல மடங்கு.

சமையலுக்கு நூல் உண்டு என்ற எண்ணம் தமிழில் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மான் நல்லியக்கோடன் பாணர்களுக்கு இடும் விருந்தைச் சொல்லுமிடத்தில், வீமன் செய்த நூலின் நெறி பிசகாமல் சமைத்த உணவு அது என்கிறது. மணிமேகலையில் கணிகையர் கற்றுத் தேர்ந்த கலைகளின் வரிசையில் சமையல் நூலான மடைநூலும் வருகிறது. அந்த மடைநூல் எதுவும் கைக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை அரண்மனை அடுக்களைகளின் நூல்கள். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசம் அரசனின் உணவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. 1500ஐ ஒட்டி மாளவத்து சுல்தான்களுக்காக ஓவியங்களோடு எழுதப்பட்ட நிமத்நாமா இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாக சாஸ்திரத்தைச் சரசுவதி மகால் நூலகம் அச்சிட்டது. ஒரு வீட்டுச் சேகரிப்பாளருக்கு இந்த வரிசையில் எளிதாகக் கிடைக்கக்கூடியது சரசுவதி மகால் பதிப்பு மட்டும்தான். ஆனாலும் அலமாரியின் மேல்தட்டில் அதற்கு ஓர் இடம் கொடுப்பது நியாயம். அடுக்களையில் நடப்பதை எழுதி வைக்கலாம் என்று நினைத்தவர்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

வீட்டுக்காரருக்கான நூல் அச்சோடு வந்தது. வங்கத்தில் 1831இலேயே பாகராஜேசுவர என்ற சமையல் நூல் அச்சேறிவிட்டது. சென்னையில் 1878இல் கர்னல் கென்னி ஹெர்பர்ட், வைவர்ன் என்ற புனைபெயரில், வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சமையலைச் செய்தவர்கள் தமிழர்கள். நூல் அவர்களுடைய எசமானிகளுக்கு எழுதப்பட்டது. தமிழில் 1891இல் தொ.கி. இராமச்சந்திர ராயரின் இந்து பாக சாஸ்திரம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், படித்த ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டு வேலைகளைச் சாத்திரமாக்கி அச்சிட்ட காலத்தில், சமையலும் அந்த வரிசையில் சேர்ந்தது. கையாளச் சிரமமான நூல்தான். அளவுகள் இன்றைய கைக்குப் பழக்கமில்லாதவை, நடை கனமானது. சமைப்பதற்காக அதை வாங்க வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் எதை மாற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள அது அருகில் இருக்க வேண்டும்.

அந்த மாற்றத்தின் நடுவில் நிற்பது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் 1951இல் சென்னையில் வெளிவந்தது. இளம்வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுக்காரர்கள் செய்முறை கேட்டபடி இருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிடப் புத்தகமாகவே போட்டுவிடலாம் என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசுவாமி அய்யர் தூண்டியதில் பிறந்தது நூல். அடுத்த பாகங்களும் தொடர்ந்தன. 1962இல் ஆசிரியர் மறைந்த பின்னும் குடும்பத்தார் அதைப் பதிப்பித்துவருகிறார்கள். ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் போனது. கடல் கடந்து போகும் பெண்ணின் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இது இருக்கும் என்பது மூன்று தலைமுறையாகப் பலருக்கும் தெரிந்த வழக்கம். தமிழ் பிராமணச் சைவ அடுக்களையின் நூல் இது. ஆனால் அதன் பெருமை அந்த எல்லைக்குள் அடங்கிவிடவில்லை. ஒன்றுமே தெரியாத ஒருத்தி அடுப்புக்கு முன் நிற்கிறாள் என்று நினைத்து, பாத்திரத்தை ஏற்றுவதிலிருந்து இறக்குவதுவரை ஒரு படியையும் விடாமல் எழுதியது தமிழில் இதற்கு முன் இப்படி அமையவில்லை.

இந்த ஒரு நூலின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது சேகரிப்பின் முதல் பெரிய இன்பம். பழைய பதிப்பு ஆழாக்கிலும் பலத்திலும் பேசுகிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு ரூபாய் எடை 11.66 கிராம், மூன்று ரூபாய் எடை ஒரு பலம், அதாவது 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. பலத்தைப் பத்தாகப் பிரித்தால் ஒரு வராகன் எடை. பெருங்காயம், ஏலம் போன்றவற்றுக்கு அதுவே கணக்கு. 1956இல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. நாணயமே எடைக்கல்லாக இருந்த அடுக்களையில் இது சின்ன மாற்றம் இல்லை. கையில் இருக்கும் பிரதி எந்தக் காலத்தது என்று தலைப்பைப் பார்க்காமலே அளவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆழாக்கு என்றால் ஒரு காலம். அடைப்புக்குறிக்குள் கிராமும் சேர்ந்திருந்தால் அடுத்தது. டம்ளரும் கரண்டியும் கப்பும் டீஸ்பூனும் வந்துவிட்டால் நம் காலம். கொங்கு நாட்டில் தானியத்துக்கு வள்ளக் கணக்கும் கூடவே ஓடியது. நாலு படி ஒரு வள்ளம். அது அச்சிட்ட சமையல் நூலில் கண்ணில் படுவதில்லை. குடும்பத்துக் கணக்கு நோட்டுகளில்தான் இருக்கிறது.

இங்கிருந்து கொங்குச் சேகரிப்பாளரின் தேடல் கிளை பிரிகிறது. மேற்சொன்ன நூல்களில் சந்தகை இருக்கிறதா, கம்மஞ்சோறு இருக்கிறதா, கொள்ளு கடைவது இருக்கிறதா என்று அவர் புரட்டிப் பார்க்கிறார். இட்லியும் சாம்பாரும் அவியலும் பருப்புருண்டைக் குழம்பும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தன் வீட்டுப் பண்டம் இல்லை, அல்லது வேறு பெயரில் வேறு கைப்பக்குவத்தில் இருக்கிறது. இதற்குக் காரணங்களைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கொங்கு மண்ணின் பெரும்பகுதி மேட்டாங்காடு. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, நிலக்கடலை, பருத்தி விளைந்த நிலம். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்த காலம் வயதானவர்கள் நினைவில் இன்னும் இருக்கிறது. தினமும் களி கிண்டுவதற்கு யாரும் புத்தகம் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களும் அச்சிடும் வசதி உள்ளவர்களும் வேறு அடுக்களைகளைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். இந்தியாவில் சமையல் நூல்கள் எப்படி ஒரு தேசிய உணவைக் கட்டின என்பதைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படை வாசிப்பு. பெருநகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த பக்குவங்களே நூல்களாகி நாட்டுக்குப் பொதுவான ஒரு சாப்பாட்டை உண்டாக்கின என்பது அவர் காட்டும் சித்திரம். அந்தப் பரிமாற்றத்தில் களிக்கும் கூழுக்கும் இடம் கிடைக்கவில்லை.

விடுபட்டவற்றின் பட்டியல் நீளமானது, சுவையானது. அரிசிம்பருப்புச் சோறு கொங்கு வீடுகளின் அவசரச் சமையல். துவரம்பருப்பும் அரிசியும், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சளோடு ஒரே பாத்திரத்தில் வெந்து, மேலே நெய்யோ கடலெண்ணெயோ ஊற்றிக்கொள்வது. பிசிபேளாபாத்தும் பொங்கலும் இருக்கும் நூல்களில் இது இல்லாதது உறுத்தும். சந்தகையை இடியாப்பத்தோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டும் வெவ்வேறு. இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து பிறகு வேகவைப்பது. சந்தகையில் அரைத்த மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மரச் சந்தகையில் இட்டு இருவராக அழுத்திப் பிழிவது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் அதற்குத் துணை. செலவு ரசம் பிள்ளை பெற்றவளுக்கு வைப்பது. நாட்டு மருந்துக் கடையில் செலவு என்று கேட்டால் அதற்கான சரக்குகளைப் பொட்டலமாகவே கட்டிக் கொடுப்பார்கள். அடுப்பே இல்லாமல் கையால் கரைக்கும் பச்சைப்புளி ரசம், தட்டப்பயிறுக் குழம்பு, பாசிப்பயிறு கடைசல், கொள்ளு வேகவைத்த தண்ணீரில் வைக்கும் ரசம், கச்சாயம், ஒப்புட்டு என்று வரிசை போகிறது. கறிச் சமையலில் ஈரோட்டுக்கு எதிர்க்கரையிலுள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவல் இப்போது உலகெங்கும் தமிழ் உணவகங்களில் இருக்கிறது. விதை உதறிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, இவ்வளவுதான். பொடிகள் நிறைந்த அச்சுச் செய்முறையில் அது தன் அடையாளத்தை இழந்துவிடுகிறது. இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு வட்டாரச் சமையல் நூலின் தரத்தை மதிப்பிட்டுவிடலாம். கரம்மசாலா என்ற சொல் அந்தப் பக்கத்தில் இருந்தால் எழுதியவர் பள்ளிபாளையத்துப் பக்கம் போனதில்லை.

கொங்கு என்ற பெயருக்குள்ளும் ஒரே அடுக்களை இல்லை. தமிழ் பேசும் வேளாளர் வீடு, கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாக உள்ள தேவாங்கர் வீடு, தெலுங்கு பேசும் நாயுடு வீடு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மலையாளிகளின் வீடு எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. ஒப்புட்டு கன்னட அடுக்களைக்கும் உரியது. எனவே இங்குள்ள அலமாரியில் ஒரு கன்னடச் சமையல் நூலோ மலையாள நூலோ இருப்பது ஆடம்பரமாகாது. எந்த நூலிலும் ஏறாத அடுக்களைகளும் இங்கே உண்டு. ஊரின் ஓரத்தில் வாழவைக்கப்பட்டவர்கள் எதைச் சமைத்தார்கள், கிடைத்ததை எப்படிப் பக்குவப்படுத்தினார்கள் என்பதை மராட்டியத்தில் சாகு பட்டோலே தன் சமூகத்து உணவுக்காக எழுதி வைத்தார். அது 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது. கொங்கு நாட்டின் அருந்ததியர் அடுக்களைக்கு அப்படி ஒரு நூல் வேண்டும். அதற்கான வெற்றிடத்தை அலமாரியில் உணர்வதும் சேகரிப்பவரின் கடமைகளில் ஒன்று.

சிறுதானியங்களை முதலில் மதித்து அச்சிட்டவர்கள் சமையல் ஆசிரியர்கள் அல்லர், விஞ்ஞானிகள். கோவையிலிருந்து மலை ஏறினால் வரும் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து டபிள்யு.ஆர். அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பற்றிய சுகாதார வெளியீடு 23ஐக் கொண்டுவந்தார். அந்தக் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. சி. கோபாலனும் சகாக்களும் விரிவாக்கிய அட்டவணை நூல் 1971இல் வெளிவந்து பலமுறை மறுபதிப்பானது. 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 100 கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் என்று எண்களாக நிற்கும் அந்தப் பக்கங்களில்தான் கொங்குச் சாப்பாடு முதன்முதலாக மரியாதையோடு அச்சேறியது எனலாம். கோவையில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் அதை வளர்த்த ராஜம்மாள் பி. தேவதாசும் இந்த அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே படித்த பெண்களின் வீடுகளில் மனையியல் பாடநூல்களும் செய்முறைப் பதிவேடுகளும் இன்னும் கிடக்கின்றன. பழுப்பேறிய அந்தப் பதிவேடுகள் சமையல் நூல் சேகரிப்பில் சேர வேண்டியவை. இத்தனை கலோரி என்று கோடு போட்டுக் கணக்கெழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் கேப்பைப் புட்டு செய்முறை இருக்கும்.

புத்தகம் என்ற பெயருக்கே தகுதியில்லை என்று பலரும் தள்ளிவிடும் சிறு வெளியீடுகள் அடுத்த தட்டு. குக்கர் வாங்கினால் கூட வரும் செய்முறைக் கையேடு, மிக்ஸியோடு வரும் சிறு நூல், மசாலாப் பொட்டலத்தின் பின்பக்கம், பெண்கள் இதழ்களின் இணைப்பு. அவள் விகடன் 1998இல் தொடங்கிய பிறகு, முப்பது வகை என்ற தலைப்போடு நடுவில் பின் அடித்து வந்த இணைப்புகள் தமிழ்நாட்டின் சமையலறைகளை நிறைத்தன. ரேவதி சண்முகம் போன்றோரின் பெயர்கள் அவ்வழியே வீட்டுப் பெயர்களாயின. மல்லிகா பத்ரிநாத் ஒரு நூலுக்கு ஒரு பொருள் என்று மெல்லிய புத்தகங்களாக எழுதினார். பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படிக்க அந்த அளவு வசதியாக இருந்தது. வட்டாரச் சமையல் என்ற பெயரில் செட்டிநாட்டை அடுத்து நாஞ்சில் நாடும் கொங்கு நாடும் அச்சேறியது பெரும்பாலும் இந்த இணைப்புகளிலும் மெல்லிய நூல்களிலும்தான். தடிமனான அட்டை போட்ட நூல்கள் பின்னால் வந்தன.

இந்தச் சிறு வெளியீடுகளுக்குக் கோவையில் தனி அர்த்தம் உண்டு. சமையலறைக் கருவிகள் பிறந்த ஊர் இது. 1955இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டாங்கல்லில் கையால் ஆட்டிய காலத்து நூல், மாவின் பதத்தை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறது. கிரைண்டர் வந்த பிறகு எழுதியது நிமிடக் கணக்குச் சொல்கிறது. அரிசிக்கு உளுந்து எத்தனை பங்கு என்பதும் மாறுகிறது. கிரைண்டர் உளுந்தை நன்றாகப் பொங்கவைப்பதால் குறைந்த உளுந்தே போதுமானதாயிற்று. அடுப்பும் அப்படியே. பருத்திமார் எரித்த விறகடுப்பு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ், இண்டக்‌ஷன் என்று ஒவ்வொன்றும் செய்முறையின் மொழியை மாற்றியிருக்கிறது. தணல் என்ற சொல் சிம் ஆனதைப் பத்து நூல்களை வரிசையாக வைத்தால் கண்ணால் பார்க்கலாம். எந்த வரலாற்றுப் புத்தகமும் இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. கையேடுகளைக் குப்பையில் போடுகிறவர்கள் இதைத்தான் போடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் விலைமதிப்பில்லாதது கையெழுத்து நோட்டு. தறிக்கு நூல் தரும் வியாபாரி புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள், தறிக் கூலிக் கணக்கு எழுதிய நோட்டின் பின்புறம் என்று அது எந்த உருவிலும் இருக்கும். முன்பக்கத்தில் பாவு, ஊடை, மீட்டர். பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் மாங்காய் ஊறுகாய். எழுத்து பேச்சாகவே இருக்கும். வடசட்டி காய்ந்ததும் எண்ணெய் ஊத்தோணும், வெங்காயம் வதக்கோணும், போசியில் மாத்தி வெக்கோணும் என்று கொங்குத் தமிழ் திருத்தப்படாமல் நிற்கும். பெருமாள் முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தபோது இந்த வட்டாரப் பேச்சுக்கு ஒரு கருவூலம் அமைந்தது; அடுக்களைச் சொற்களுக்கு இந்த நோட்டுகளே இன்னொரு கருவூலம். அச்சுநூல் விடாமல் சொல்லும் அளவுகளை நோட்டு சொல்லாது. உப்பு, புளி பக்கத்தில் எண்ணே இருக்காது, எழுதியவருக்கே தெரியும் என்பதால். அதற்குப் பதிலாக அச்சுநூலில் இல்லாத ஒன்று இருக்கும்: யாரிடம் கற்றது என்பது. பல்லடத்து அத்தை செய்தது, அம்மாயி பக்குவம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னது என்று தலைப்பிலேயே ஆள் வந்துவிடுவார். சில ஓரங்களில் பிறகு வேறு மையில் எழுதிய குறிப்பு இருக்கும். நோம்பிக்குச் செய்தது, வெல்லம் பத்தவில்லை என்பது போல. அந்த ஒரு வரியில் ஒரு நாளின் சமையல் முழுதாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட நோட்டு ஒன்று கையில் இருப்பவரிடம் முப்பது அச்சுநூல் கொண்டவர் பொறாமைப்படலாம்.

சேகரிக்கும் இடங்கள் கொங்கு வட்டாரத்தில் குறைவில்லை. சோமனூரிலிருந்து கோவை ராஜவீதிக்குப் போனால் விஜயா பதிப்பகம் இருக்கிறது. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாடநூல் அடுக்குகளுக்கு அடியில் மனையியல் நூல்கள் கிடைக்கும். ஆகஸ்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா 2005 முதல் நடக்கிறது. கோவையில் கொடிசியா வளாகத்தில் ஒன்று, திருப்பூரில் ஒன்று என ஆண்டுக்கு மூன்று விழாக்கள் பேருந்தில் போய்வரும் தொலைவிலேயே அமைகின்றன. புதிய நூல்கள் அங்கே. ஆனால் உண்மையான அறுவடை பழைய பேப்பர் கடையில்தான். வீடு மாறும்போதும் பெரியவர்கள் இறந்த பிறகும் எடைக்குப் போகும் மூட்டைகளில் இணைப்புகளும் நோட்டுகளும் கலந்திருக்கும். கிலோ விலையில் கிடைக்கும். எடைக்காரர் அறிமுகமானவராக இருந்தால், சமையல் என்று தலைப்பு கண்டால் எடுத்து வைக்கிறார். உறவு வீட்டு விசேஷங்களில் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதும் தேடலின் ஒரு பகுதி. கேட்ட மாத்திரத்தில் யாரும் நோட்டைத் தந்துவிடுவதில்லை. பார்த்து எழுதிக்கொள்ளக் கொடுப்பார்கள், அதுவே போதும்.

அடுக்கும் முறையில் பலவிதம் உண்டு. ஆசிரியர் பெயர், பண்டம், ஆண்டு. வீட்டுச் சேகரிப்புக்கு ஏற்றது ஆண்டு வரிசை; பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நூல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குவது அதில்தான். அடுக்களையிலிருந்து அலமாரி தள்ளி இருக்க வேண்டும். தாளிப்பு ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் காகிதத்தைத் தின்னும். தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத்தூசி இன்னொரு தொல்லை. நுண்ணிய பஞ்சு, பக்கங்களின் விளிம்பில் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். கையருகே காடாத் துணி இருக்கிறதே என்று அதில் சுற்றி வைப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் துணியை முதலில் வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். சைசிங்கில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி துணியில் தங்கியிருக்கும். ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து. இணைப்புகளின் துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றி, பருத்தி நூலால் தைத்துவிடலாம். செய்தித்தாள் தரக் காகிதம் தானாகவே பழுப்பேறி நொறுங்கும் தன்மையது. அதைத் தடுக்க முடியாது, வெளிச்சத்திலிருந்து விலக்கித் தள்ளிப்போடலாம். வசம்புத் துண்டு அலமாரி மூலையில் இருப்பது வீட்டு வழக்கம். கறைகளைப் போக்க முயல வேண்டாம். எந்தப் பக்கத்தில் மஞ்சளும் எண்ணெயும் அதிகமோ அந்தப் பக்கம்தான் அந்த வீட்டில் சமைக்கப்பட்டது. விலைகொடுத்து வாங்கிய பழைய நூலில் அதைவிட நம்பகமான சான்று வேறில்லை.

சேகரித்தவை வெறுமனே இருக்கக் கூடாது, சமைக்கப்பட வேண்டும். பழைய நூலிலிருந்து சமைப்பது தனிப் பயிற்சி. ஆழாக்கைக் கிராமாக்குவது எளிது. புளி எலுமிச்சங்காய் அளவு என்றால் அன்றைய எலுமிச்சங்காய் எவ்வளவு, மிளகாய் பத்து என்றால் எந்த மிளகாய், வெல்லத்தின் தித்திப்பு எவ்வளவு என்பவற்றுக்கு நூலில் விடையில்லை. ஒரே பண்டத்தை மூன்று நூல்களின்படி அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்க்கும் வீடுகளில், நான்காவது வாரம் வீட்டுக்கென்று ஒரு பக்குவம் உருவாகிவிடுகிறது. ரசம், மைசூர்பாகு, ஒப்புட்டு மூன்றும் இதற்கு மிக ஏற்றவை. கைப்பக்குவத்தின் சிறு வேறுபாடும் அவற்றில் உடனே நாக்குக்குத் தெரியும். அப்போது முன்னால் படித்த வரிகளுக்கும் உயிர் வருகிறது. பாகு முத்துப்பதம் என்று ஒருவர் எழுதியதும் கம்பிப்பதம் என்று இன்னொருவர் எழுதியதும் வெறும் சொற்களாக இருந்தவை. கரண்டியிலிருந்து பாகு ஒழுகும்போது இருவரும் பக்கத்தில் நின்று சொல்வது கேட்கிறது. யூடியூபில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடக்கூடியதுதான் அது. ஆனால் காணொளி ஒரே கையைக் காட்டுகிறது. அலமாரி பல தலைமுறைக் கைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது.

வீட்டுச் சேகரிப்புகளின் பிற்கால வாழ்வு சேகரித்தவரின் கையில் முழுதும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. புதுக்கோட்டையில் பி. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் வளர்த்த ஞானாலயா வீட்டு நூலகமாகவே ஆய்வாளர்களை வரவேற்றது. இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் கிடைத்த இந்தக் கவனம் சமையல் நூலுக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது. நூலகங்கள் பதிவு செய்து வாங்கும் பட்டியலில் இணைப்புகளும் கையேடுகளும் வருவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய தமிழ் நூல்கள் பல படி எடுக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. சமையல் கையெழுத்து நோட்டுகளை அவ்வாறு திரட்டும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும். அதுவரை பொறுப்பு வீட்டாரிடம்.

அதற்குக் குறைந்தபட்சத் தேவை ஒரு பட்டியல். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, எந்தப் பதிப்பு, எங்கே வாங்கியது, அதிலிருந்து எவை சமைக்கப்பட்டன என்று ஆறு பத்திகள் போதும். நோட்டுகளுக்கு இன்னும் இரண்டு பத்தி சேர்க்க வேண்டும்: எழுதியவர் யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்து, விட்டுப்போன உப்பையும் புளியையும் கேட்டு, அவர் சொன்ன அளவைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிடுவது நல்லது. பாகப்பிரிவினையில் பாத்திரங்களும் நகைகளும் பிரியும்போது நோட்டு யாருக்கு என்ற கேள்வி எழுந்தால், ஒளிநகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். மூலப்பிரதி எந்த வீட்டில் இருக்கிறது என்பது எல்லாப் பிரதிகளின் முதல் பக்கத்திலும் எழுதப்படுகிறது.